ஓட்டை போடாத டேங்க்

எங்கள் தீவின் மட்டான்சாஸ் ஊரில் ஓடுகிற பழைய வண்டி எதை வேண்டுமானாலும் நிறுத்தி, அடியில் படுத்துப் பாருங்கள். மேலே செவ்ரோலே, உள்ளே எவனுடைய இஞ்சினோ இருக்கும். இது தற்காலிகம்தான் என்று வண்டிக்காரன் சத்தியம் பண்ணுவான். சொந்த இஞ்சின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, பிஸ்டன் வந்துகொண்டே இருக்கிறது, வந்த மறுநாள் மாட்டிவிடுவேன் என்பான். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தற்காலிக இஞ்சின் மட்டும் புகை விட்டுக்கொண்டு ஓடுகிறது.

ஏற்றுகிற இஞ்சின் பெரும்பாலும் டீசல். அதை ஏற்றியவன் முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க்கின் தலையில் ஓர் ஓட்டை போடுவான். பெட்ரோல் இஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாய் ஒன்று போதும். டீசல் அப்படி இல்லை. தேவைக்கு மேல் இழுத்து, குடித்தது போக மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சம் வந்து விழ ஒரு வழி வேண்டும். ஓட்டை போட்டு, ஒரு செம்புக் குழாயைச் செருகி, ஈயத்தை ஊற்றினால் கதை முடிந்தது. எல்லாரும் செய்வது இதுதான். இதில் யாருக்கும் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அந்த ஓட்டையைப் போடாத ஒரே ஆள் எவெலியோ தமார்கோ. அதற்காக அவனைப் பாராட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஊர் வெர்சாயெஸ் மேட்டில், கூரை ஒழுகுகிற ஒரு வீட்டில் பிறந்து அதே வீட்டில் ஐம்பத்து மூன்று வயதைத் தொட்டவன் எவெலியோ. கயிறு ஆலையில் மெக்கானிக்காக இருபது வருடம் வேலை பார்த்தான். ஆலையில் கற்றாழை நாரும் தீர்ந்து உதிரிப் பாகங்களும் தீர்ந்ததும், அப்பா விட்டுப்போன ஐம்பத்தொன்றாம் வருடத்துச் செவ்ரோலேயை எடுத்துக்கொண்டு கார்தெனாஸ் பாதையில் ஆள் ஏற்றக் கிளம்பினான். காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் கடைசிச் சவாரி முடிய மாலை ஆகிவிடும். வண்டியைப் பற்றி அவனிடம் கேட்டால் பேசிக்கொண்டே இருப்பான். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் மிர்தாவைக் கேள் என்பான். மிர்தா அவன் மனைவி. அவளுக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

அந்த வண்டி மட்டும் அவன் பேரில் இல்லை. அப்பா இறந்தபோது எவெலியோவுக்கு இருபத்தொரு வயது. எங்கள் நாடு படை அனுப்பியிருந்த அங்கோலாவில், பெயர் தெரியாத ஒரு பாலத்துக்குக் காவலாகத் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். சாவுச் செய்தியே மூன்று வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. ஊரில் இருந்த அண்ணன் ஃபெர்மின் பெயரை நோட்டரி வண்டியின் காகிதத்தில் எழுதிவிட்டார். ஒரு வண்டிக்கு ஒரு பெயர், அவ்வளவுதான் இடம். அண்ணன் தம்பிக்குள் யார் பெயர் இருந்தால் என்ன என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். ஃபெர்மின் வண்டியைத் தொட்டதே இல்லை. கையில் கிரீஸ் பட்டால் சாப்பிட மாட்டான். பிறகு அவன் கடல் தாண்டிப் பிழைக்க ஹயலேயாவுக்குப் போனான். இங்கே இருக்கிற குடியிருப்பு உரிமை போய்விடக் கூடாதென்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவான். வரும்போது சோப்பு, காபித்தூள், எவெலியோவுக்கு அளவு சேராத செருப்பு ஒரு ஜோடி. "வண்டி உனக்குத்தாண்டா, அடுத்த தடவை எழுதிடலாம்" என்பான். அடுத்த தடவையும் அதையே சொல்வான்.

அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால் எவெலியோ தன் சொந்த வண்டியை ஓட்டுகிறவன். போடாவிட்டால் அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறவன். அண்ணன் மனம் மாறினாலோ மண்டையைப் போட்டாலோ மறுநாளே நடந்து போகிறவன். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது இந்த ஒரு கையெழுத்துதான்.

ஃபெர்மின் போன ஏழாவது வருடம் இஞ்சின் படுத்தது. கனிமார் பாலத்து ஏற்றத்தில் நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஆறு பிஸ்டனில் மூன்று வெடித்திருந்தன. எவெலியோ சுதந்திரப் பூங்காவுக்குப் போய், வை-ஃபை எடுக்கிற மூலை பெஞ்சில் இடம் பிடித்து, அண்ணனை அழைத்தான்.

"அண்ணே, பிஸ்டன் மூணு போயிருச்சு. இஞ்சின் ப்ளாக் நல்லாத்தான் இருக்கு."

"நம்பர் அடிச்ச ப்ளாக்தான? பேப்பர்ல இருக்குற நம்பரு?"

"அதேதான்."

"அதத் தூக்கிப் போட்டுறாத. பிஸ்டன் நான் கொண்டாறேன். அதுவரைக்கும் வேற இஞ்சின் வெச்சு ஓட்டிக்க. ஆனா ஒண்ணு கேளு. வண்டியில எங்கயும் அறுக்காத. வெல்டு வெக்காத. டேங்க்ல ஓட்டை கீட்டை போட்டுறாத. அப்பா நிறுத்தி வெச்சிருந்த மாதிரியே இருக்கணும். நான் வந்ததும் சொந்த இஞ்சின மாட்டிட்டு, நேரா நோட்டரிகிட்ட போயி உன் பேருக்கு எழுதிக் குடுத்துடுறேன்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியம்டா!"

எவெலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கு அப்பாவின் நினைவு இன்னும் இருக்கிறதே என்றுதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது மிர்தா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஏழு வருசத்துல அப்பன் கல்லறைக்கு ஒரு பூ வாங்கி வெய்டான்னு சொல்லி அனுப்புனதில்ல உங்கண்ணன். இப்ப அப்பன் வெச்ச மாதிரியே இருக்கணுமாமா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுது, கிழவா."

"உனக்கு எங்கண்ணனக் கண்டாலே ஆகாது."

"எனக்கு ஆகும். அவன் கொண்டார சோப்பு நல்லாத்தான் நுரைக்குது."

டீசல் இஞ்சினைக் கொடுத்தது நீலோ. துறைமுகத்துப் படகு மெக்கானிக், எவெலியோவோடு அங்கோலாவில் ஒரே கூடாரத்தில் படுத்தவன். கரையேற்றிப் போட்ட ஒரு மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய நாலு சிலிண்டர் இஞ்சின் அது. மூன்று மாதத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு. நீலோ கையோடு டிரில்லிங் மிஷினையும் எடுத்து வந்திருந்தான்.

"இத எதுக்குக் கொண்டாந்த?"

"டேங்க்ல ஓட்டை போட."

"ஓட்டை கிடையாது."

"அப்ப ரிட்டர்ன் எங்க விழும்? உன் வாயிலயா?"

எவெலியோ மூன்று நாள் யோசித்தான். பிறகு அந்த வட்டாரம் காணாத ஒரு வேலையைச் செய்தான். டேங்க்கில் இருந்த பெட்ரோலை வடித்து நீலோவின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தான். உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு லிட்டர் இஞ்சின் ஆயிலை ஊற்றி, டேங்க்கைக் கழற்றி மிர்தாவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினார்கள். திரும்ப மாட்டி, வாயை மெழுகுத் துணியால் அடைத்தான். பழைய பெட்ரோல் குழாயை அசைக்காமல் அதன் இரண்டு முனையிலும் ரப்பர் தக்கை வைத்தான். டீசலுக்கென்று ஓட்டல் சமையலறை எண்ணெய் வந்த இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனை டிக்கியில் நிறுத்தி, பெல்ட் போட்டுக் கட்டினான். கேனின் மூடியில் இரண்டு குழாய்: ஒன்று அடிவரை இறங்கி இழுக்க, மற்றொன்று மிச்சம் வந்து விழ. புது ரப்பர் ஹோஸ் இரண்டையும் டிக்கித் தரையில் தண்ணீர் வடிய ஏற்கெனவே இருந்த துவாரம் வழியாக இறக்கினான். வண்டியின் அடிச் சட்டத்தை ஒட்டி, பழைய குழாயைப் பிடித்திருந்த அதே கிளிப்புகளில் கூடவே சேர்த்து முன்னால் கொண்டு போனான். இஞ்சினைத் தாங்க ஓர் இரும்புத் தொட்டில் செய்து, வண்டியில் முன்பே இருந்த போல்ட் துவாரங்களில் மட்டும் பூட்டினான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் வாஷரும் பால் டின்களில் போயின. டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, எந்த இடத்துப் போல்ட், எந்தப் பக்கம், எத்தனையாவது என்று எழுதினான். நாற்பத்தோரு டின்.

"மருந்துக் கடை வெக்கப் போறியா கிழவா?" என்றாள் மிர்தா. ஆனாலும் பிளாஸ்திரியை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

முதல் நாள் சவாரியில் வண்டி பாலத்தைத் தாண்டவில்லை. இஞ்சின் இருமி, விக்கி, நின்றது. வண்டியில் ஆறு பேர். அதில் ஓர் ஆசிரியை மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய நீல மெரிங்கு நுரை பூசிய கேக்கை மூடாமல், எங்கள் ஊர் வழக்கப்படி, உள்ளங்கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். டிக்கியைத் திறந்தால் கேன் ஒட்டிய கன்னம் மாதிரி உள்ளே இழுத்துப்போய் நின்றது. டீசல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வழி வைக்கவில்லை. மூடியில் காற்றுக்கு ஒரு சின்ன வழி விட்டான். வண்டி கிளம்பியது. கூடவே அந்த வழியாக டீசல் நாற்றமும் வண்டிக்குள் ஏறியது.

"ஏம்பா டிரைவர், எம்பொண்ணு மெழுகுவத்தி ஊதறப்ப கேக்கே பத்திக்கும் போலருக்கே!" என்றாள் ஆசிரியை.

"பத்துனா ஊதி அணைக்க நாலு பேரக் கூட்டிட்டுப் போங்கம்மா."

"எதுக்கு இந்தப் பாடு? எல்லாரையும் மாதிரி டேங்க்ல ஒரு ஓட்டை போட வேண்டியதுதான?"

"எங்கண்ணன் போடக் கூடாதுன்னிருக்காரு."

ஆறு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாளே காற்று வழிக்கு ஒரு நீள ஹோஸ் மாட்டி, வண்டிக்கு அடியில் கொண்டுபோய் விட்டு நாற்றத்தை ஒழித்தான். பிறகு திரும்பி வரும் டீசல் நுரைத்துக்கொண்டு வந்து, இழுக்கிற குழாயின் பக்கத்திலேயே விழுந்ததால் காற்றுக் குமிழி மறுபடி இஞ்சினுக்குப் போயிற்று. இரண்டு குழாயையும் கேனின் எதிரெதிர் மூலைக்குத் தள்ளி, நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தான். ஒவ்வொரு கோளாறுக்கும் டேங்க்கில் ஓர் ஓட்டை போதுமான மருந்தாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் அதை வேண்டாம் என்றான்.

மூன்று மாதம் பதினான்கு மாதமானது. ஃபெர்மினுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை, முதுகுவலி. நீலோ இஞ்சினைக் கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஐந்து நாளைக்கொருமுறை எவெலியோ பழைய டேங்க்கின் மெழுகுத் துணியை எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பான். துருப் பொட்டு ஒன்று இருக்காது. தன் பேருக்கு வரப்போகிற வண்டி அல்லவா?

பிறகு ஃபெர்மின் வந்தான். நிஜமாகவே ஆறு பிஸ்டன்களோடு வந்தான். மிர்தாகூட வாயை மூடிக்கொண்டு அன்றைக்குப் பன்றிக்கறி வறுத்தாள். எவெலியோ ஒரே நாளில் டீசல் இஞ்சினை இறக்கினான். பால் டின்களை வரிசையாக வைத்து, ஒன்பது நாளில் சொந்த இஞ்சினைச் சேர்த்து ஏற்றினான். தக்கையை எடுத்து, டேங்க்கில் இருந்த ஆயிலை வடித்து, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பினான். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவ்வளவு அமைதியாக ஓடிற்று. வண்டிக்கு இடையில் ஒன்று நேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பத்தோரு டின்னும் காலி. ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை.

அடுத்த நாள் ஃபெர்மின் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை ஷூ. வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் வருகிற வரடேரோவில் இருக்கிறவன், பெயர் ஆர்சேனியோ.

"கார்னா பைத்தியம் இவனுக்கு. சும்மா பாக்கணும்னான்" என்றான் ஃபெர்மின்.

எவெலியோ காபி போடச் சொன்னான். அவன் வேலையை ரசிக்க ஓர் ஆள் வந்து எத்தனை காலம் ஆயிற்று!

"டீசல் போட்டிருந்தீங்களாமே? டேங்க்ல எங்க ஓட்டை போட்டீங்க?" என்றான் ஆர்சேனியோ.

"ஓட்டையா? நானா?" எவெலியோ அட்டையை விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தான். "படுங்க. நீங்களே தடவிப் பாருங்க."

வெள்ளைக் காற்சட்டை அட்டையில் படுத்தது. எவெலியோவும் பக்கத்தில் படுத்துக்கொண்டு இடம் இடமாகக் காட்டினான். டேங்க்கின் தலை. குறுக்குச் சட்டம். பழைய கிளிப்புகள். பழைய பெயிண்ட்டே உரியாத போல்ட் தலைகள். நம்பர் அடித்த ப்ளாக். டிக்கித் தரையில் இருந்த துவாரம்கூடத் தொழிற்சாலையில் போட்டதுதான் என்று நிரூபித்தான். ஆர்சேனியோ போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

"பொறந்த மேனிக்கு இருக்குய்யா! நானும் நூறு வண்டி பாத்திருக்கேன். ஓட்டை இல்லாத டேங்க்க இப்பத்தான் பாக்குறேன்."

"அறுக்கிறதுக்குக் கை போதும். அறுக்காம செய்யிறதுக்குத்தான் மூளை வேணும்" என்றான் எவெலியோ. இப்படிப் பெருமையடித்து அவனை யாரும் பார்த்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் காபியும் போட்டுக் கொடுத்தது.

நோட்டரி அலுவலகத்தில் பத்திரத்துக்கு ஒட்டுகிற ஸ்டாம்பை நாமே முன்கூட்டி வங்கியில் வாங்கிப் போக வேண்டும். எவெலியோ அதற்கு ஒரு முழுக் காலை வரிசையில் நின்றான். வியாழக்கிழமை குளித்து, விசேஷத்துக்கென்று வைத்திருந்த வெளுத்த குவாயபேரா சட்டையை மிர்தா தேய்த்துக் கொடுக்க, போட்டுக்கொண்டான். மிர்தா காதில் தொங்கட்டான் மாட்டினாள். இருவரும் ஃபெர்மினோடு அதே வண்டியில் போய் இறங்கினார்கள். படிக்கட்டில் வெள்ளை ஷூ நின்றுகொண்டிருந்தது.

எவெலியோவுக்கு முதலில் புரியவில்லை. எதேச்சையாக வந்திருப்பான் என்று நினைத்துக் கையைக் கூடக் குலுக்கினான். மிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஃபெர்மினின் முகத்தைப் பார்த்தாள். ஃபெர்மின் தம்பியின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனான்.

"டேய், கோவிச்சுக்காத. அங்க என் நெலமை உனக்குத் தெரியாது. மாசம் பொறந்தா வாடகை கழுத்தப் பிடிக்குது. பொண்டாட்டிக்கு முதுகுல ஆபரேசன் பண்ணணும். இந்தாளு நல்ல விலைக்குக் கேக்குறான். ஒரிஜினலா இருக்குறதாலதான் கேக்குறான். இல்லேன்னா எவன் சீந்துவான்?"

"அம்மா மேல சத்தியம் பண்ணுனியே அண்ணே."

"அம்மா செத்து எத்தன வருசமாச்சு! வீடு உனக்குத்தான இருக்கு? நான் அதுல பங்கு கேட்டனா?"

அந்த வீட்டில் அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தாள். குளிப்பாட்டியவள் மிர்தா, தூக்கித் திருப்பியவன் எவெலியோ. ஒழுகுகிற கூரைக்குக் கீழே எந்தப் பக்கம் கட்டிலைப் போட்டால் அவள் மேல் சொட்டாது என்று அவனுக்கு அளவு தெரியும். இதையெல்லாம் ஒரு வண்டியின் விலையாக அவன் என்றைக்கும் நினைத்ததில்லை. அண்ணன் நினைத்திருக்கிறான். அது புரிந்தபோது அவனுக்கு வண்டியைவிட அதுதான் வலித்தது.

உள்ளே நோட்டரி அம்மாள் காகிதத்தை அடுக்கிவிட்டு, "ஸ்டாம்ப்?" என்றாள்.

"தம்பி, வாங்கி வெச்சிருந்தியே?" என்று ஃபெர்மின் கையை நீட்டினான்.

எவெலியோ சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஐம்பத்து மூன்று வருடமாக அண்ணன் கை நீட்டினால் கொடுத்துப் பழகிய கை. கொடுத்த பிறகுதான் அது என்ன செய்தது என்று அவனுக்குத் தெரிந்தது. மிர்தா அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"வண்டியில அறுத்தது, துளைச்சது எதுவும் இல்லைன்னு மெக்கானிக் வாக்குமூலம் வேணும்னு வாங்குறவர் கேட்டிருக்கார். மெக்கானிக் யாரு?" என்றாள் நோட்டரி.

"நான்தான்."

"ஏதாவது மாத்தம் செஞ்சிருக்கீங்களா?"

எவெலியோ அண்ணனைப் பார்த்தான். ஆர்சேனியோவைப் பார்த்தான். வாழ்க்கையில் தன் வேலையைப் பற்றி அவன் பொய் சொன்னது கிடையாது. சரியாக வராத வேலையைச் சரியாக வரவில்லை என்று சொல்லித் திட்டு வாங்கியவன்.

"செஞ்சிருக்கேன்" என்றான். "டேங்க்ல ஓட்டை போட்டேன். பெரிய ஓட்டை. அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன். குறுக்குச் சட்டத்தையும் அறுத்துட்டுத் திரும்பப் பத்த வெச்சேன். என்னைக்கு வேணா விட்டுடும்."

ஆர்சேனியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"யம்மா, இந்தாளு தங்கம்! என்கிட்ட நீயே ஒரு மணி நேரம் படுத்துக்கிட்டு காட்டுனியேய்யா!" போனை எடுத்து நோட்டரியின் மேசையில் வைத்து, படம் படமாகத் தள்ளினான். டேங்க்கின் தலை. குறுக்குச் சட்டம். ஒரு படத்தின் ஓரத்தில் டார்ச்சோடு எவெலியோவின் முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

"என் தம்பி எப்பவும் இப்பிடித்தான், விளையாட்டு" என்றான் ஃபெர்மின்.

"விளையாட்டு இல்ல. நெசமாத்தான் சொல்றேன். நான் மோசமான மெக்கானிக்."

"ஆமாம்மா!" என்று மிர்தா முன்னால் வந்தாள். "இவனுக்கு ஒரு எழவும் தெரியாது. ஸ்குரூ டிரைவர எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. ஆலையிலயே இவனால எத்தன மிஷின் கெட்டுச்சு தெரியுமா? கண்டபடி அறுப்பான், கண்ட எடத்துல ஓட்டை போடுவான்..." சொல்லிக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடமாக ஊரெல்லாம் அவன் கையை மெச்சிப் பேசிய வாய் அது.

நோட்டரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கும் விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் படம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, ஸ்டாம்பும் இருக்கிறது. "மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதி, ஸ்டாம்பை நக்கி ஒட்டினாள். எவெலியோவின் கையெழுத்து இல்லாமலே வேலை முடிந்தது. அவனும் மிர்தாவும் ஆற்றுப் பாலம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் தெரிந்தவர்கள், வண்டி எங்கே என்று கேட்டார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தான். எவெலியோ எடுக்கவில்லை. நீலோவுக்கு இஞ்சின் திரும்பிப் போனது. அதை எடுக்க வந்த நீலோ, கையோடு கொண்டுவந்த டிரில்லிங் மிஷினை மறந்ததுபோல் விட்டுவிட்டுப் போனான். பிழைப்புக்கு வேண்டுமே, எவெலியோ முற்றத்தில் மற்றவர்கள் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தான். வேலைக்குக் குறைவில்லை. வரடேரோவில் ஆர்சேனியோ போகிற இடமெல்லாம், ஓட்டை போடாமல் டீசல் மாற்றுகிற மேதாவி ஒருவன் மட்டான்சாஸில் இருக்கிறான் என்று அவன் புகழைப் பரப்பிவைத்திருந்தான்.

போன மாதம் லிமொனாரிலிருந்து ஒஸ்மானி என்று ஒருவன் ஐம்பத்து நாலாம் வருடத்துப் பிளைமவுத் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். சாந்தமான ஆள். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"கேள்விப்பட்டு வந்தேங்க. வண்டியத் தொடாம டீசல் வெச்சுத் தருவீங்களாமே. கொஞ்ச நாளைக்குத்தான். சொந்த இஞ்சின் ரெடியாகற வரைக்கும்."

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"எங்கண்ணன் பேர்லங்க. டாம்பாவுல இருக்கான். அடுத்த வருசம் வந்து என் பேருக்கு எழுதித் தரேன்னு சொல்லியிருக்கான். நல்ல மனுசன்."

எவெலியோ டேங்க்கை இறக்கி, பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தான். ஆவி தீப்பிடிக்கக் கூடாதே, கழுத்துவரை தண்ணீரை நிரப்பினான். பிறகு மிஷினை எடுத்து, முனையைப் பொருத்தி, வயரைச் செருகினான்.

"அய்யய்யோ, ஓட்டை போடாதீங்க!" ஒஸ்மானி பதறிக் கையைப் பிடித்தான். "போடவே கூடாதுன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"எங்கண்ணன்தான்."

எவெலியோ அவன் கையை மெதுவாக எடுத்து விட்டான்.

"அப்ப ரெண்டாப் போடுறேன்" என்றான்.